அக்சஸிலிருந்து கிளவுட்டுக்கு: பாமினியில் கிடந்த முறைப்பாடுகளை மாற்றிய அனுபவம்

யாழ்ப்பாணத்தில் கணனி, பிரிண்டர், இணைய இணைப்பு என்று எல்லாம் திருத்திக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 2003இலிருந்து வந்த வாடிக்கையாளர் முறைப்பாடுகள் முழுவதும் ஒரே மென்பொருளில்தான் இருந்தன. மைக்ரோசாப்ட் அக்சஸ் தரவுத்தளத்தில் உள்ளூரில் ஒருவர் செய்து கொடுத்தது, அவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். சில படங்களைத் தவிர அதிலிருந்த எல்லாவற்றையும் இப்போது ஸென்டெஸ்க் என்ற, முறைப்பாடுகளைக் கையாளும் இணையச் சேவைக்கு மாற்றி முடித்திருக்கிறோம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழைய தரவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் அலுவலகங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கும், அவர்களுக்குப் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாற்ற வேண்டிய தேவை 2022இலேயே வந்துவிட்டது. மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன காலம் அது. யூபிஎஸ் தாங்காமல் கணனி நடுவில் நின்றுவிடும், திரும்பப் போட்டால் அக்சஸ் கோப்பு பழுதாகியிருக்கும், ஒவ்வொரு முறையும் ரிப்பேர் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். அதோடு அக்சஸ் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளர முடியாது, எங்களுடையது அந்த எல்லைக்குக் கிட்ட வந்திருந்தது.

பழையதை விட்டுவிட்டு கடைசி இரண்டு வருடத்தை மட்டும் ஏற்றினால் போதும் என்றுதான் கேட்ட எல்லோரும் சொன்னார்கள், முதலாளிக்கும் அதே எண்ணம். எங்கள் மூத்த தொழில்நுட்பவியலாளர் அண்ணை மட்டும் விடவில்லை. "தம்பி, உந்தப் பழைய குறிப்பு இல்லாட்டி நான் நெடுந்தீவுக்குப் போய் என்னத்தைச் செய்யிறது?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. குறிகாட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவுக்குப் போன பிறகு ஒரு சாமானை விட்டுவிட்டு வந்தோம் என்று தெரிந்தால் அந்த நாள் முழுக்க வீண். எந்தப் பாடசாலையில் எந்த ஸ்விட்ச், எந்தச் சுவரில் கேபிள் எப்படிப் போகிறது, எந்த பிரிண்டருக்கு முன்பு என்ன மாற்றினோம் என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டுப்பட்ட பிறகு எழுதியவற்றில் "பாட்ஸ் கப்பலில் வரவேண்டும்" என்று வரிசையாகக் கிடக்கும், இருந்ததை வைத்துச் செய்த தற்காலிகத் திருத்தங்கள் சில இன்றைக்கும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று தெரிய வேறு வழி இல்லை. ஆகவே எல்லாவற்றையும் கொண்டுபோவது என்று முடிவானது.

சரி, உண்மையான சிக்கல் இதுதான். அக்சஸ் படிவத்தில் பார்த்தால் அழகான தமிழ் தெரியும். ஆனால் அந்த எழுத்துரு படிவத்தின் அமைப்பில் மட்டும்தான் இருக்கிறது, தரவுக்குள் இல்லை. தரவைத் தனியே எடுத்தால் வெறும் ஆங்கில எழுத்துகள்தான். யாழ்ப்பாணம் என்ற சொல் ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இஸட், கே, அரைப்புள்ளி என்று கிடக்கும். அப்படியே கிளவுட்டுக்கு ஏற்றினால் ஒருவராலும் வாசிக்க முடியாது, தேடவும் முடியாது.

பாமினியை யுனிகோடுக்கு, அதாவது இப்போது எல்லாக் கணனியும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றனதானே என்று கேட்பீர்கள். இருக்கின்றன, முழுக்கப் பாமினியாக உள்ள பந்திக்கு நன்றாகவே வேலை செய்யும். எங்கள் குறிப்புகளில் ஒரே வரியில் பாமினித் தமிழ், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ், பிந்திய வருடங்களில் யுனிகோட் என்று நாலும் கலந்து கிடந்தன. முழுவதையும் மாற்றுக்கருவியில் போட்டால் ஆங்கிலச் சொற்கள் நாசமாகும். கீ என்பதன் ஆங்கில எழுத்துகள் "மநல" என்று வரும், ஃபியூஸ் "கரளந" ஆகும். ஒவ்வொரு சொல்லாக எடுத்து இது எந்த வகை என்று நிரலே தீர்மானித்தால்தான் சரிவரும்.

அதற்கு உதவியது பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம். ஒரு சொல்லைப் பாமினி என்று வைத்து மாற்றிப் பார்ப்போம், வந்த சொல் தமிழில் நிற்குமா என்று சோதிப்போம். பிரிண்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து பாமினியில் இகரக் குறி, மெய் இல்லாமல் குறியில் ஒரு சொல் தொடங்காது, ஆகவே அது ஆங்கிலம். மோடம் என்பதை மாற்றினால் கடைசியில் தனி அகரம் வந்து நிற்கும், உயிரெழுத்து அப்படிச் சொல்லின் கடைசியில் வராது, ஆகவே அதுவும் ஆங்கிலம். டேட்டா னகரத்தில் தொடங்கும், மொழிமுதல் எழுத்து விதிப்படி தள்ளலாம். இந்த விதியில் றகரத்துக்கு விலக்குக் கொடுத்தோம், ஏனென்றால் எங்கள் ஆட்கள் "றவுட்டர்", "றீசெற்" என்றுதான் எழுதுவார்கள். ரகரம், லகரம், டகரம் தொடக்கத்தில் வருவதையும் விட்டுக்கொடுக்க வேண்டும். மறுபக்கம், சொல்லின் நடுவே அரைப்புள்ளி இருந்தால் அனேகமாகப் பாமினிதான், அதுதானே அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. இவ்வளவுக்கும் தப்பிப்போகும் கீ, ஃபியூஸ், டெஸ்ட் போன்ற சின்ன ஆங்கிலச் சொற்களுக்கு, எங்கள் வேலையில் புழங்கும் சொற்களைச் சேர்த்து ஒரு பட்டியல் வைத்தோம். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழை மாற்ற முயலவில்லை, அதை எல்லோரும் அப்படியே வாசித்துவிடுவார்கள்.

கொம்பு இன்னொரு தலையிடி. கொ என்று எழுத, பாமினியில் கொம்பு முதலில் வரும், பிறகு மெய், பிறகு கால். யுனிகோடில் மெய் முதலில், அதன் பின்னால் ஒரே குறியாக ஒகரம். வரிசையை மாற்றினால் மட்டும் போதாது, கொம்பையும் காலையும் தனித்தனியே விட்டால் திரையில் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும், ஆனால் கொடிகாமம் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கடைசியில் எல்லா எழுத்தையும், பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யுனிகோட் வடிவத்துக்கு ஒழுங்குபடுத்திய பிறகுதான் தேடல் சரிவந்தது. கண்ணால் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், தேடிப் பாருங்கள்.

காற்புள்ளியால் நெடுவரிசைகளைப் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாக இறக்கி ஏற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். பாமினியில் காற்புள்ளிதான் இ என்ற உயிரெழுத்து. முறைப்பாடுகளில் பாதி "இணைப்பு இல்லை" என்றுதான் தொடங்கும், அந்த இரண்டு சொல்லிலும் காற்புள்ளி. மேற்கோள் குறி போடாமல் இறக்கிய கோப்பில் ஒவ்வொரு இகரத்திலும் ஒரு புது நெடுவரிசை பிறக்கும். பிரிக்கும் குறியை அரைப்புள்ளியாக மாற்றினால் அதைவிட மோசம், எல்லா மெய்யெழுத்திலும் உடையும். ஈகாரத்துக்குப் பாமினியில் இருப்பது கணக்கில் 'சிறியது' என்று போடும் குறி, இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லில் ஒரு டேக் (கட்டளைக் குறி) தொடங்குவதும் அதே குறியால். மாரி காலத்தில் வரும் "றவுட்டருக்குள் ஈரம்" என்ற குறிப்பை மாற்றாமல் எச்டிஎம்எல்லாக அனுப்பினால் ஈரத்திலிருந்து பின்னால் உள்ளது முழுவதும் டேக்காக எடுக்கப்பட்டுக் காணாமல் போகும். நாங்கள் கோப்பாக இறக்காமல் பைதான் நிரல்மொழியால் அக்சஸை நேரடியாக வாசித்து, நினைவகத்திலேயே யுனிகோடுக்கு மாற்றி, அதன் பிறகுதான் வேறு எதையும் செய்தோம். அக்சஸ் ட்ரைவர் 32 பிட் என்றால் பைதானும் 32 பிட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திறக்காது.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். பழைய மென்பொருள் உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதி வைத்திருந்தது, ஸென்டெஸ்க் உலகப் பொது நேரத்தில் கேட்கும். ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்தால் முடிந்தது என்று தோன்றும், ஆனால் 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலங்கை நேரம் ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தது. அதற்கு முந்திய பதிவுகள் அரை மணித்தியாலம் பிசகும். பைதானில் கொழும்பு நேரவலயத்தைப் பெயர் சொல்லிக் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

வாடிக்கையாளர் பக்கத்தில், முக்கால்வாசிப் பேருக்கு மின்னஞ்சல் கிடையாது, தொலைபேசி இலக்கம் மட்டும்தான். 021, 077 என்று தொடங்கியவற்றை முன்னால் உள்ள சைபரை எடுத்து 94 சேர்த்து ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தோம். ஒரே இலக்கம் என்பதற்காக இரண்டு பேரை ஒருவராக்கவில்லை. ஒரு வீட்டு இலக்கத்தை அண்ணன் தம்பி எல்லோரும் கொடுத்திருப்பார்கள், பக்கத்துக் கடைக்காரரும் கொடுத்திருப்பார். இலக்கமும் ஊரும் பெயரின் முதல் பகுதியும் ஒத்தால்தான் சேர்த்தோம்.

என்னை மிகவும் கவலைப்படுத்தியது வேறு விஷயம். குறிப்புகளுக்குள் வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கங்கள், வைஃபை பாஸ்வேர்ட், சில இடத்தில் மின்னஞ்சல் பாஸ்வேர்ட் கூட இருந்தன. கடைக் கணனிக்குள் இருந்தவரை ஒருவரும் யோசிக்கவில்லை. வெளிநாட்டு சேர்வரில் ஏற்றும்போது அது பெரிய பொறுப்பு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக வரும் பழைய அடையாள அட்டை, 2016இலிருந்து வந்த 12 இலக்கப் புதியது இரண்டையும் நிரல் தேடி அழித்தது. பாஸ்வேர்டுக்கு அப்படி ஒரு வடிவம் இல்லை. அந்தச் சொல் வந்த குறிப்புகளை எல்லாம் எடுத்து ஆட்களைக் கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்கச் செய்தோம். சலிப்பான வேலை, ஆனால் எங்களை நம்பித் தந்தவர்களின் விஷயம், இதில் குறுக்குவழி தேடக்கூடாது.

ஏற்றும் கட்டத்தில் ஸென்டெஸ்க்கின் சாதாரண ஏபிஐயை, அதாவது நிரல்கள் தரவு அனுப்பும் வழியை, பாவிக்காமல், இறக்குமதிக்கென்று தனியாக உள்ளதைப் பாவியுங்கள். அதில்தான் பழைய திகதியைக் கொடுக்கலாம், தானாக மின்னஞ்சல் அனுப்பும் ட்ரிகர்களும் ஓடாது. சாதாரண வழியில் போட்டால் 2005இல் திருத்திய பிரிண்டருக்கு இன்றைக்கு ஒருவருக்கு "உங்கள் முறைப்பாடு கிடைத்தது" என்று மின்னஞ்சல் போகும். பழைய முறைப்பாட்டு இலக்கத்தை வெளி அடையாளம் என்ற புலத்தில் வைத்தோம், வாடிக்கையாளர் பழைய பில்லோடு வந்தால் தேட அதுதான் கைகொடுக்கும். உள்குறிப்புகளைப் பொதுவில் இல்லாதவை என்று குறிக்க மறக்க வேண்டாம், ஒரு வாடிக்கையாளரைப் பற்றி ஆட்கள் தங்களுக்குள் எழுதியதை அவரே வாசிக்கக்கூடாது. மூடியது என்ற நிலையில் ஏற்றியதைப் பிறகு திருத்த முடியாது. அதனால் முதலில் பரீட்சார்த்தக் கணக்கில் கொஞ்சம் ஏற்றி, அண்ணையையும் வரவேற்பில் இருக்கும் தங்கச்சியையும் இருத்தி, அவர்களுக்கு ஞாபகம் இருக்கும் முறைப்பாடுகளைத் தேடச் சொன்னோம். அவர்கள் "வரேல்லை" என்று சொன்ன ஒவ்வொரு சொல்லும் எங்கள் மாற்று விதிகளில் ஒரு ஓட்டையைக் காட்டியது.

படங்கள்தான் இன்னும் முழுதாக முடியவில்லை. அக்சஸ் அவற்றை ஓஎல்இ பொருளாகத் தனக்கே உரிய உறைக்குள் வைத்திருக்கிறது, உள்ளே உள்ள படத்தின் தொடக்கத்தைத் தேடி வெட்டி எடுக்க வேண்டும். ஜேபெக்காக இருந்தவை வந்துவிட்டன, மற்றவற்றைப் பழைய கணனியில் ஒவ்வொன்றாகத் திறந்து சேமிக்கிறோம். தீவுப் பகுதிப் பாடசாலைகளின் கேபிள் படங்களை முதலில் எடுக்கச் சொல்லி அண்ணை பட்டியல் தந்திருக்கிறார், அந்த வரிசையில்தான் போகிறோம்.