ஒரு பழத்துக்காக ஒரு கல்

பழைய படங்களைச் சுத்தம் செய்து சட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலிருந்தும், சுற்றுவட்டாரத்து வீடுகளிலிருந்தும் வேலை வரும். பெரும்பாலும் ரவிவர்மா படங்கள்தாம். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் இங்கே எத்தனையோ முகப்புகளில் மாட்டியிருக்கிறார்கள். சில படங்களில் சரிகையும் ஜமிக்கியும் ஒட்டிச் சேலையே உடுத்தியிருப்பார்கள்.

போன ஆடியில் கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் கொண்டுவந்தது வேறு வகை. முதலையின் முதுகில் குரங்கு, கரையில் நாவல் மரம். பேத்திக்காகச் சென்னையில் வாங்கிய கல்லச்சு ஓவியம். கீழ் ஓரத்தில் பென்சிலால் 7/30 என்ற எண்ணும் (முப்பது பிரதிகளில் ஏழாவது) ஓவியரின் கையெழுத்தும் இருந்தன.

“தம்பி, ஓரத்தில் பூச்சி துளைத்திருக்கிறது. அதை வெட்டிவிட்டுச் சின்னச் சட்டமாகப் போட்டுக் கொடுங்கள்” என்றார்.

மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. இரண்டும் தாளின் நட்டநடுவில், ஒரே நேர்கோட்டில். இராமபாணப் பூச்சி இப்படி அளவெடுத்துத் துளைக்காது. லென்ஸை வைத்துப் பார்த்ததும் விளங்கியது: அவை ஊசித் துளைகள். கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கல்லில் வரைய வேண்டும். அடுத்த நிறம் இம்மியும் விலகாமல் விழுவதற்காகத் தாளில் ஊசி குத்தி, கல்லில் இட்ட குறியோடு பொருத்துவார்கள்.

1796 வாக்கில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டறிந்த முறை கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள மைக்கட்டியால் இடவலம் மாற்றி வரைந்து, பிசினும் சிறிது அமிலமும் பூசிப் பதப்படுத்துவார்கள். பிறகு கல்லை ஈரமாக்கி மை உருட்டினால் கோடுகள் மட்டும் மையை வாங்கும். ஈரமான இடம் தள்ளிவிடும். வேலை முடிந்ததும் கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் அந்தப் படத்தை மறுபடி அச்சிட வழியில்லை.

லென்ஸை நகர்த்திக்கொண்டே போனேன். ஆஃப்செட் படமென்றால் வரிசையாகப் புள்ளிகள் தெரியும். இதில் கல்லின் சொரசொரப்புதான் தெரிந்தது. பழங்களெல்லாம் கருநீலம். உச்சிக் கிளையில் ஒன்று மட்டும் சிவப்பு, பத்துப் பைசா அளவு. இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று குரங்கு சொல்லுமே, அந்த இதயம்! படத்தில் வேறெங்கும் சிவப்பு இல்லை. அந்த ஒரு பழத்துக்காக இன்னொரு கல்லைத் தேய்த்து, வரைந்து, பதப்படுத்தி, முப்பது தாள்களையும் மறுபடி அச்சில் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது.

தொழில் பழகிய நாட்களில், சட்டத்துக்கு அளவு சேரவில்லை என்று எத்தனையோ படங்களின் வெள்ளை ஓரத்தை நறுக்கியிருக்கிறேன். அச்சகத்தின் பெயர் அந்த ஓரத்தில்தான் இருக்கும். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வெள்ளைக் கீற்றுகள் குப்பையோடு போனது இன்றும் உறுத்துகிறது.

ஆச்சியிடம் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு, “வெட்ட வேண்டாம், தம்பி” என்றார்.

பின்பலகையைக் கழற்றி, மென்தூரிகையால் தூசி தட்டி, அமிலமற்ற அட்டையில் மவுண்ட் செய்தேன். எண்ணும் ஊசித் துளைகளும் தெரியும்படி மேலட்டையின் ஜன்னல் திறப்பை அகலமாக வெட்டினேன். கண்ணாடி தாளைத் தொட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும். அதனால் இடைவெளி விட்டேன்.

மாட்டுவதற்கு நானே போனேன். பெரிய வீடுகளில் படங்களை உயரத்தில், முன்பக்கம் சாய்த்து மாட்டுவது வழக்கம். இதை முற்றத்து வெயில் படாத உள்சுவரில், பேத்தியின் கண்ணுக்கு நேராக மாட்டினோம். ஆச்சி கதையைத் தொடங்கினார். முதலை நடு ஆற்றுக்கு வருவதற்குள் குழந்தையின் விரல் சிவப்புப் பழத்தின்மேல் போய் நின்றுவிட்டது.