நூற்கத் தொடங்கிய வீட்டில் முதலில் காணாமல் போவது வாளி

வீட்டில் யாராவது கம்பளி நூற்பதைப் பொழுதுபோக்காகப் பிடித்துக்கொண்டால், முதலில் காணாமல் போவது குளியலறை வாளி. அடுத்தது நாய்க்கு வாங்கிய சீப்பு. மூன்றாவது சிடி அட்டைப்பெட்டி. பிறகு சொம்புகள், சாப்பாட்டு மேஜை நாற்காலி, ஒரு முள்கரண்டி. கடைசியில் ஃப்ரீசரின் கீழ்த்தட்டு. வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு பொருள் மாறலாம், ஆனால் வாளிதான் எப்போதும் முதலில்.

ஆட்டின் மேலிருந்து நேரே வரும் ரோமம் கம்பளி அல்ல, கம்பளிக்கான விண்ணப்பம். அதில் கொழுப்பு, வியர்வை உப்பு, மண், ஒட்டுப்புல், நெருஞ்சி எல்லாம் இருக்கும். சின்னச் சின்னக் கறுப்பு உருண்டைகளும் இருக்கும். அவை என்னவென்று யாரும் கேட்பதில்லை. ஒரு கிலோ வாங்கிக் கழுவினால் 500 முதல் 700 கிராம்தான் மிஞ்சும் என்பதை மனதில் வைத்து விலை பேசவும். எந்த ஆடு என்பதையும் கேட்டுக்கொள்ளவும். மேச்சேரி ஆடும் மெட்ராஸ் ரெட்டும் மயிர் ஆடுகள். அவற்றின் முடியை எவ்வளவு முறுக்கினாலும் நூலாகாது, பிரஷ் ஆகும். கோயம்புத்தூர்க் குறும்பை ஆடும் திருச்சி கறுப்பும் முரட்டுக் கம்பளி தரும். விரிப்புக்கு அருமை, கழுத்தில் சுற்றினால் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். மெல்லிய ரகத்துக்கு நீலகிரி ஆடு இருக்கிறது. கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து உருவான இனம்.

இனி வாளி. 15 லிட்டர் வாளியில் 60 டிகிரி வெந்நீர். கை வைத்ததும் எடுத்துவிடத் தோன்றும் சூடு அது. பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு மேஜைக்கரண்டி. தண்ணீர் நிறைந்த பிறகே திரவத்தை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் நுரை குளியலறையைத் தாண்டி ஹாலுக்கு வரும். வெங்காயம் வந்த வலைப்பையில் கால் கிலோ ரோமத்தை அடைத்து, மெதுவாக அமுக்கி மூழ்க வைத்து, 20 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் யாருக்கும் வருவதில்லை. எங்கள் ஊர்க் கை, வாளியில் எதைக் கண்டாலும் கும்மும். கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல அடுக்கடுக்காகச் செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அசைவும் ஒன்றாகச் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும், பிறகு பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. கும்மியவர்களுக்குக் கிடைப்பது வாளி வடிவத்தில் ஒரு கனத்த மிதியடி. குழாயை நேரே அதன் மேல் திறந்துவிட்டாலும் இதே கதிதான்.

20 நிமிடத்துக்கு மேலும் விடக்கூடாது. தண்ணீர் ஆறினால், கரைந்த கொழுப்பு திரும்ப இழையிலேயே படிந்து பிசுபிசுக்கும். பையைத் தூக்கி வடியவிட்டு, அதே சூட்டில் பாதித் திரவத்தோடு இன்னொரு முறை, பிறகு வெறும் வெந்நீரில் இரண்டு முறை. சூடு ஏறி இறங்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதற்குள் மழையில் நனைந்த ஆட்டு மந்தை ஒன்று வீட்டுக்குள் படுத்திருப்பது போன்ற வாசனை மேல்மாடி வரை போயிருக்கும். “என்னம்மா, பிரியாணியா?” என்று பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள், தட்டு கேட்பார்.

நிழலில் உலர்த்திய பிறகு சிக்கெடுக்க வேண்டும். கம்பளி வாரும் பலகைகள் தனியாகவே விற்கின்றன. அவை வரும்வரை வளைந்த கம்பிப் பல் உள்ள சதுர நாய்ச்சீப்பு இரண்டு போதும். ஒரு வாருக்கு இரண்டு மூன்று கிராம்தான், சீப்பின் மேல் மூடுபனி படிந்ததுபோல. அள்ளி வைத்தால் நடுவில் உள்ளது வாரப்படாமலே அப்படியே வெளியே வரும். ‘கரக் கரக்’ என்று பல்லோடு பல் உரசும் சத்தம் கேட்டால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம், இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன. முடி வெட்டியவர் ஒரே இடத்தில் இரண்டு முறை கத்தரி ஓட்டியிருந்தால் அரை அங்குலத் துண்டுகள் கலந்திருக்கும். அவற்றை இப்போதே பொறுக்கி எறிய வேண்டும். பின்னால் நூலில் கொசுமுட்டைபோல முடிச்சு முடிச்சாக நிற்பவை அவைதான். வாரியதை மெதுவாகச் சுருட்டினால் விரல் தடிமனில் ஒரு திரி. நாய் இரண்டு நாளைக்கு முறைக்கும்.

கதிர், அதாவது நூலை முறுக்கிச் சுற்றிக்கொள்ளும் குச்சி, செய்ய இரண்டு பழைய சிடி, 9 மில்லிமீட்டர் தடிமனில் 30 சென்டிமீட்டர் மரக்குச்சி, ஒயர் போகும் ஓட்டைக்குப் போடும் ரப்பர் வளையம், ஒரு சின்னத் திருகுக்கொக்கி. சிடியின் ஓட்டை 15 மில்லிமீட்டர், அதில் வளையம் இறுக்கமாக உட்கார வேண்டும், வளையத்துக்குள் குச்சி, குச்சியின் நுனியில் கொக்கி. எல்லாம் சேர்ந்து 50 கிராம் அளவில் நிற்கும், கற்றுக்கொள்ள நல்ல எடை. சிடியைச் செருகுமுன் அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடவும். திருமண வீடியோ, பாகம் 2 என்பது கதிரில் மாட்டப்பட்டுச் சுழல்வதை, அந்த பாகத்தில் மட்டும் தலைகாட்டிய மாமாதான் முதலில் கண்டுபிடிப்பார்.

பழைய இலக்கணக்காரர் ஒருவர் கதிரை மதிக்கு, அதாவது அறிவுக்கு, உவமை சொன்னார். அவர் நூற்றுப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். கவனிக்காத ஒரு நொடியில் அது எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கிவிடும். அவ்வளவு நேரம் ஏற்றிய முறுக்கு அத்தனையும் அவிழ்ந்து, இழை நழுவி, கதிர் டைல்ஸ் தரையில் ‘டங்’. கீழ்வீட்டில் முதல் நாள் இதை 40 தடவை கேட்பார்கள். அதனால் ஆரம்பத்தில் காற்றில் தொங்கவிட வேண்டாம். கொக்கியில் அரை மீட்டர் பழைய கம்பளி நூலைக் கட்டி, அதன் நுனியையும் திரியின் நுனியையும் ஏழெட்டு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கதிரை வலப்புறமாகச் சுற்றி முறுக்கு ஏற்றுங்கள். ஏறியதும் கதிரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு கையும் சும்மா இருக்கிறது. திரியை நிதானமாக இழுத்து மெல்லியதாக்கி, தேங்கி நிற்கும் முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடலாம்.

இழுக்க இழுக்க வரவில்லை, கயிறுபோல நிற்கிறது என்றால் இரண்டு கையும் மிக அருகில் இருக்கின்றன, ஒரே இழையின் இரண்டு முனையையும் நீங்களே பிடித்துக்கொண்டு உங்களோடு நீங்களே கயிறு இழுக்கும் போட்டி நடத்துகிறீர்கள். இழையின் நீளத்தைவிடக் கைகளின் இடைவெளி கூடுதலாக இருக்க வேண்டும். கம்பளி இழை எட்டு, பத்து சென்டிமீட்டர் வரும். பருத்தி பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டர்கூடத் தேறாது. காந்தி வழி ஆதாரப் பள்ளியில் தக்ளி என்ற சின்னக் கைக்கதிரைச் சுற்றிய தாத்தா வீட்டில் இருந்தால் இந்த இடத்தில் நிச்சயம் ஆலோசனைக்கு வருவார். அவர் சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் அது பருத்திக்குச் சரி. குட்டை இழைக்கு முறுக்கு மிக அதிகம் வேண்டும், கதிரின் எடையும் நூலில் தொங்கக்கூடாது. பருத்தியை 50 கிராம் சிடிக் கதிரில் தொங்கவிட்டால் அறுந்துகொண்டே இருக்கும். தக்ளியின் முனையை ஒரு கிண்ணத்தில் ஊன்றிச் சுற்றுவது அதனால்தான்.

ஒன்றை மட்டும் யாராலும் ஏமாற்ற முடியாது. முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்துக்கே ஓடும். தடித்த இடத்தில் முறுக்கே நிற்காமல் பஞ்சு மிட்டாய்போலப் பொதபொதவென்று இருக்கும், பக்கத்து மெல்லிய இடம் அத்தனையையும் வாங்கிக்கொண்டு விறைத்து நிற்கும். மேலும் முறுக்கினால் மெல்லியது அறுமே தவிர, தடித்தது திருந்தாது. தடித்த இடத்தின் இரு பக்கமும் பிடித்து, முறுக்கைக் கொஞ்சம் அவிழ்த்து, இழுத்துச் சமப்படுத்திவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். சோதிப்பதற்கு ஓர் அடி நூலைத் தளரவிட்டுப் பாருங்கள். தன்னோடு தானே சுற்றிக்கொண்டு அழகாகத் தொங்கினால் சரி. ‘சுருக்’கென்று மணப்பாறை முறுக்காகச் சுருண்டால் அதிகம். பிரிந்து கையோடு வந்தால் போதவில்லை.

ஒற்றைப் பிரி நூல் ரோஷக்காரன், எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். அதை அடக்க இன்னொரு பிரியோடு சேர்த்து இடப்புறமாகத் திரிக்க வேண்டும். இரண்டு உருண்டைகளையும் ஆளுக்கொரு சொம்பில் போட்டால் உருண்டு சோபாவுக்கு அடியில் ஓடாது. சொம்பு கிடைக்காதவர்கள் பெரு, பொலிவியா மலைக்காரர்களின் வழியைப் பின்பற்றலாம். நூலின் இரு நுனியும் கைக்கு எட்டும்படி ஒரு கைவிரல்களிலும் மணிக்கட்டிலும் மாற்றி மாற்றிச் சுற்றி, பிறகு அதையே வளையல்போல மணிக்கட்டுக்கு இறக்கி, அங்கிருந்து இரண்டு நுனியையும் சேர்த்துத் திரிப்பது. இறுக்கிச் சுற்றினால் நடுவிரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வரும். பாதியில் கழற்றவும் முடியாது. கழற்றினால் அத்தனையும் காக்காய்க்கூடு.

கேஸ் சிலிண்டர்காரர் மணியடிப்பது சரியாக அப்போதுதான். ஒரு கை விலங்கிட்டதுபோல இருக்கிறது, மறு கையில் கதிர் தொங்குகிறது. முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தால், 14.2 கிலோ கேஸ் அடைத்த சிலிண்டரைத் தோளில் வைத்தபடி அவர் கேட்பார், “ஓடிபி சொல்லுங்க.” போன் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கைதான் கட்டுண்டிருக்கும். 20 கிராமுக்கு மேல் இந்த முறையில் ஏற்றாதீர்கள், சிலிண்டர் பதிவு செய்த வாரத்தில் ஒரு கிராம்கூட வேண்டாம்.

திரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றிக் கழியாக்க, அதாவது பெரிய வளையமாக்க, வேண்டும். ஒரு சுற்றின் நீளத்தை அளந்து, சுற்றுகளை எண்ணினால் மொத்த நீளம் தெரிந்துவிடும். ஒன்றரை மீட்டர் முதுகில் 60 சுற்று என்றால் 90 மீட்டர். நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, துண்டில் பொதிந்து அமுக்கி, இரண்டு உதறு உதறிக் காயப்போட்டால் முறுக்கு அடங்கி உட்கார்ந்துவிடும். எடை கட்டித் தொங்கவிடாதீர்கள். அது கம்பளியின் துள்ளலை இழுத்து நீட்டிவிடும், பின்னிய பிறகு முதல் சலவையிலேயே சுருங்கிப் பழி வாங்கும்.

நெய்ய ஆசை வந்தால், படச்சட்டம் ஒன்றில் அரை சென்டிமீட்டருக்கு ஓர் ஆணி அடித்துப் பருத்தி நூலைப் பாவாக, அதாவது நெடுக்கு நூலாக, கட்டிவிடலாம். கையால் நூற்ற கம்பளியைக் குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாவில் போட்டால் ரோமம் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். தக்காணத்துக் கம்பளி நெசவாளர்கள் புளியங்கொட்டைக் கூழ் தடவி அதைப் படிய வைப்பார்கள், சாப்பாட்டு மேஜையில் அந்த வேலை வேண்டாம். ஊடையை விறைப்பாக இழுத்தால் ஒவ்வொரு வரியிலும் ஓரம் ஒரு நூலிழை உள்ளே வரும். 50 வரியில் துணி உடுக்கை வடிவத்துக்கு வந்து நிற்கும். வில்போல வளைவாகப் படுக்க வைத்து, முள்கரண்டியால் தட்டி இறக்கினால் அந்த வளைவே ஊடைக்கு வேண்டிய கூடுதல் நீளத்தைத் தந்துவிடும்.

மிச்சக் கம்பளிக்கு அந்துப்பூச்சி வரும். தின்பது பூச்சி அல்ல, அதன் புழு. கம்பளியைக் காற்றுப் புகாத இரண்டு பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் தீரும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்கவும், இல்லாவிட்டால் ஈரம் கோர்க்கும். பையின் மேல் ‘கம்பளி’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதை மறக்காதீர்கள். கழுவி வாரிய வெள்ளைக் கம்பளியும் துருவிய தேங்காயும் உறைந்துவிட்டால் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். காலை ஏழு மணி அவசரத்தில் சட்னிக்கென்று மிக்ஸியில் விழுந்தால், கம்பளிக்கு ஒன்றும் ஆகாது. பிளேடைச் சுற்றிக்கொண்டு, மிக்ஸிதான் நிற்கும்.