ரியோகானுக்கு நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள்

ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊர்களில் உள்ள ரியோகானை (பாரம்பரிய விடுதி) இன்னொரு ஹோட்டல் என்று நினைத்து ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் இறங்கினால் கொடுத்த காசில் பாதி வீண். அங்கே கட்டணம் அறைக்கு இல்லை, தலைக்கு. இரண்டு வேளைச் சாப்பாடும் பெரும்பாலும் அதிலேயே சேர்த்தி. இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்குத் தொடங்கிவிடும். ஒவ்வொரு வகையாக நேரம் பார்த்துப் பரிமாறுவதால், தாமதமாக வருபவருக்கு எடுத்துவைக்கும் வழக்கமில்லை. செக்-இன் பெரும்பாலும் மூன்று மணிக்கு. நான்குக்குள் போய்விட்டால் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு குளியல் போடலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் புக்கிங்கின்போதே சொல்லிவிட வேண்டும். "மீன், கறி வேண்டாம்" என்றால் போதாது. சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாஸ் எல்லாவற்றிலும் உலர்ந்த சூரை மீனில் காய்ச்சிய டாஷி என்ற சாறு இருக்கும். அதுவும் கூடாது என்று தனியாக எழுதுங்கள். சில விடுதிகள் முடியாது என்றே பதில் போடும். அங்கே சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் கிடைக்குமா என்று கேட்கலாம்.

தத்தாமி பாய் மேல் செருப்பும் கூடாது, பெட்டியின் சக்கரமும் கூடாது. விடுதியில் உடுத்தக் கொடுக்கும் யுகாதா அங்கியில் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு.

பொதுக் குளியலறை வாசலில் தொங்கும் திரை நீலம் என்றால் ஆண்கள், சிவப்பு என்றால் பெண்கள் என்பதே பொது வழக்கம். பல இடங்களில் ராத்திரியோடு இரண்டையும் மாற்றிப் போடுவார்கள், ஆகவே காலையிலும் பார்த்தே நுழையுங்கள். உடை முழுவதையும் களைய வேண்டும், நீச்சலுடைக்கு அனுமதியில்லை. சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டி. நீண்ட கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். கைத்துண்டு தண்ணீரில் படக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள்.

தண்ணீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. முதல் தடவை ஐந்து நிமிடம் தாராளம். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்திருப்பதால், சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வெறும் வயிற்றிலோ சாக்கே (அரிசி மது) குடித்துவிட்டோ இறங்கவே வேண்டாம். அறையில் தேநீரோடு வைத்திருக்கும் இனிப்பைக் குளிக்கும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

கந்தகத் தண்ணீரில் வெள்ளி நகை கறுத்துப்போகும், கழற்றிவிடுங்கள். குசாட்சு போன்ற ஊர்களில் ஊற்று நீர் கடும் அமிலம்; மென்மையான தோல்காரர்கள் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்வது நல்லது. பச்சை குத்தியிருந்தால் பல பொதுக் குளியல்களில் விட மாட்டார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு நமக்கென்று தனியாக எடுத்துக்கொள்ளும் காஷிகிரி குளியல்தான் அதற்கு வழி.

டிப்ஸ் தேவையில்லை. பில்லில் தனியாகத் தெரியும் 150 யென் உள்ளூர்க் குளியல் வரி. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.