லித்தியம்-11: ஒளிவட்டம் சூடிய அணுக்கரு

3 புரோட்டான்களும் 8 நியூட்ரான்களும் கொண்ட லித்தியம்-11 அணுக்கருவின் அரை ஆயுள் ஏறத்தாழ 9 மில்லிநொடிதான் என்றாலும், அணுக்கருக்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. 1985இல் ஜப்பானிய இயற்பியலாளர் இசாவோ தனிஹாட்டாவின் குழு அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்த பெவலாக் துகள் முடுக்கியில் இந்த அணுக்கருக்களைக் கற்றையாக்கி, கார்பன் போன்ற இலக்குகளின் மீது பாய்ச்சி, அவற்றில் எத்தனை சிதையாமல் மறுபுறம் வந்து சேர்கின்றன என்று எண்ணியது. அணுக்கரு பெரிதாக இருந்தால் இலக்கில் மோதிச் சிதைவதும் அதிகம் என்பதால், எண்ணுவது என்ற இந்த எளிய செயலிலிருந்தே அணுக்கருவின் பருமனைக் கணித்துவிடலாம் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. லித்தியம்-9க்குச் சுமார் 2.4 ஃபெம்டோமீட்டராக (ஒரு ஃபெம்டோமீட்டர் 10⁻¹⁵ மீட்டர்) இருந்த ஆரம், கூடுதலாக இரண்டே நியூட்ரான்கள் சேர்ந்ததும் சுமார் 3.3ஆக எகிறியிருந்தது.

அந்த இரண்டு நியூட்ரான்களும் லித்தியம்-9 என்ற உள்கருவை விட்டு வெகுதூரம் விலகி, மெல்லிய ஒளிவட்டம்போல் பரவி நிற்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க 0.4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவான ஆற்றலே போதும். இன்று வகுப்பில், ஒன்றை நீக்கினால் மற்ற இரண்டும் பிரிந்துவிடுமாறு பின்னிய மூன்று பொரோமிய வளையங்களைக் கரும்பலகையில் வரைந்தேன். உள்கருவும் இரு நியூட்ரான்களும் அவ்வாறே பிணைந்துள்ளன. ஒரு நியூட்ரானை எடுத்துவிட்டால், எஞ்சும் லித்தியம்-10 நிலைத்து நிற்பதில்லை.