ஆறு வாணம்

வீடியோ கேமில் மாரியோ கட்டத்தின் முடிவிலுள்ள கொடிக்கம்பத்தைப் பிடித்த நொடியில் திரையில் மிச்ச நேரம் 316. கோட்டைக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு வாணம்.

இன்றைக்கும் மனசு துள்ளுகிறது.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் வாணம் அதிர்ஷ்டத்தால் வெடிப்பதில்லை. கம்பத்தைத் தொடும்போது நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3 அல்லது 6 என்றால் அத்தனை வாணம். வேறு எண்ணுக்கு ஒன்றுகூடக் கிடையாது. வாணத்துக்கு 500 புள்ளி, ஆறுக்கு 3000.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. மிச்சமிருக்கும் நேரத்தில் ஓர் எண்ணுக்கு 50 புள்ளி. ஆனால் இந்தக் கடிகாரம் ஓர் எண் குறைய சுமார் 0.4 நொடிதான். கடைசி இலக்கம் 5 ஆன பிறகு அடுத்த 6-க்குக் காத்திருந்தால் நாலு நொடிகூட ஆகாது, 450 புள்ளிதான் போகும். தாராளமாக நிற்கலாம்.

எங்கே நிற்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

கம்பத்துக்கு முன்னாலிருக்கும் படிக்கட்டின் உச்சிப்படியில் நின்று அப்படியே தாவினால் ஓட்டவேகம் இருக்காது, கம்பத்தில் தாழ்வாகத்தான் ஒட்டுவோம். கம்பத்தின் உச்சிக்கு 5000 புள்ளி, அடியில் வெறும் 100! படிக்கு முன்னாலேயே நேரத்தைக் கழியுங்கள். பிறகு வேகமாக ஓடவைக்கும் பி பொத்தானை விடாமல் ஓடி ஏறுங்கள். படியில் முட்டினால் வேகம் செத்தது. விளிம்பில் தாவும் பொத்தானான ஏ-யை அழுத்தி, மேலே போகும்வரை விரலை எடுக்காதீர்கள்.

இத்தனையும் 40 கிலோபைட்டுக்குள். மேகமும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. அந்த நெருக்கடியிலும் வாணத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களே, இதை வடிவமைத்த மியாமோட்டோவும் தெசுகாவும்! அதை நினைத்தாலே அவர்கள்மேல் அப்படியொரு பிரியம்.