டொரன்டோவில் ஓடாத கல்யாண டிவிடி

நம்ம ஊர் கல்யாண டிவிடியை கனடா பிளேயரில் போட்டுவிட்டு, "ரீஜன் பிரச்சினைப்பா" (அதாவது குறிப்பிட்ட நாடுகளில் மட்டும் ஓடும்படி டிஸ்க்கில் போடும் பூட்டு) என்று சித்தி வாட்ஸப்பில் புலம்பல். கல்யாண வீடியோக்காரர் ரைட் பண்ணிக் கொடுக்கும் டிஸ்க்கில் பொதுவாக ரீஜன் பூட்டே இருக்காது. அதெல்லாம் சினிமா கம்பெனி டிவிடிக்கு.

தகராறு பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு வீடியோ முறைகளுக்கு நடுவில். இங்கே பால்: நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்), ஒவ்வொன்றிலும் 576 வரி. அங்கே என்டிஎஸ்சி: 29.97 பிரேம், 480 வரி. அங்கத்திய பழைய பிளேயர்கள் பலவும் பால் டிஸ்க்கைத் தொடாது.

மாற்றித் தருகிறேன் என்று காசு வாங்கும் கடைகள் சில, இருக்கிற பிரேமையே அங்கங்கே இரண்டு தடவை காட்டி 29.97-ஐ நிரப்பிவிடும். கேமரா பந்தி வரிசையில் நகரும்போது படம் வெட்டி வெட்டிப் போகும். இன்னொரு வழி, மொத்தத்தையும் 4 சதவீதம் மெதுவாக்கி நொடிக்குச் சுமார் 24 பிரேமாக்குவது; சினிமாவைப் போல அதை பிளேயரே 29.97-க்கு நிரப்பிக்கொள்ளும். அசைவு முன்னதைவிட வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் நாதஸ்வரத்தின் சுருதி இறங்கிவிடும். கெட்டிமேளம் நிதானமாகக் கேட்கும், கொடுமை!

என்னைக் கேட்டால் மாற்றவே வேண்டாம் சித்தி. கம்ப்யூட்டரில் விஎல்சி (VLC) என்ற வீடியோ பிளேயரில் போடுங்க, அப்படியே ஓடும். டிவியில்தான் பார்க்கணும்னா ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எம்பி4 ஆக்கி, டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிந்த வரிகளை முழுப் படமாக்கும் வசதி) போட்டு, பென்டிரைவில் ஏத்துங்க. பிரேம் ரேட்டில் மட்டும் கை வைக்காதீங்க. டிஸ்க்கில் கீறல் விழுறதுக்குள்ள இந்த வாரமே செஞ்சிடுங்க.