வன்னி மரத்தைத் தேடிப் போன யாத்திரை: முகாம், சம்ராத்தல், கேஜர்லி

தில்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு யாத்திரை என்றாலே கால் வடக்கே போகும். ஹரித்வார், ரிஷிகேஷ், பத்ரிநாத், கூடக் கொஞ்சம் லீவு கிடைத்தால் காசி. மேற்கே பாலைவனத்துக்குள் ஒரு கோயிலைத் தேடிப் போனவர்கள் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. என்னை அங்கே இழுத்தது ஒரு மரம்.

எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தல விருட்சம் வன்னி. விபசித்து முனிவர் கோயில் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி இலையைக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியது என்பது தல புராணம். பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்ததும் வன்னியில்தான், விஜயதசமி அன்று சுவாமி அம்பு போடுவதும் வன்னியில்தான். பிள்ளையாருக்கு அதன் இலையால் அர்ச்சனை செய்கிறோம். தேவாரம் சிவனின் சடையில் கொன்றையோடு வன்னியையும் சேர்த்துப் பாடுகிறது. ராஜஸ்தானில் கேஜ்ரி என்று சொல்கிற மரமும் இந்த வன்னிதான் என்றும், அதற்காக உயிரையே கொடுத்த பிஷ்னோய் என்கிற சமூகத்தார் தார் பாலைவனத்தில் இருக்கிறார்கள் என்றும் தெரிந்த நாளிலிருந்து அவர்களுடைய கோயிலைப் பார்க்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

மயூர் விஹாரில் பக்கத்து வீட்டு மாமாவும் மாமியும் கூட வருகிறோம் என்றார்கள். என் மனைவியும் சேர்ந்து நால்வர். கார்த்திகை மாதம், பாலைவனத்தில் வெயில் இறங்கி இதமாக இருக்கும் சமயம். சராய் ரோஹில்லாவில் ராத்திரி ரயில் ஏறி, காலையில் பிகானேரில் இறங்கி ஒரு டாக்சி பிடித்தோம். வழியில் தேஷ்னோக் கர்ணி மாதா கோயில். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள் என்பதால் கடந்து போகிறேன். அங்கிருந்து நோகா, நோகாவிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் முகாம் என்கிற ஊர்.

ரோட்டின் இரண்டு பக்கமும் மணல் வயல்கள். வயலுக்கு நடுவே வன்னி, தள்ளி இன்னொரு வன்னி. வயலில் நிற்கும் மரத்தை வெட்டாமல் அப்படியே விட்டுச் சுற்றி உழுகிறார்கள். இதன் வேர் மிக ஆழமாகப் போவதால் மேல்மண்ணில் பயிரோடு தண்ணீருக்குப் போட்டி போடுவதில்லை. இதன் அடியில் கம்பு இன்னும் நன்றாக விளையும் என்கிறார் டிரைவர். அந்த வயல்களில் சில மரங்களைக் கிளை கழித்து மொட்டையாக விட்டிருந்தார்கள். குளிர்காலத்துக்கு ஆடு, ஒட்டகத் தீவனமாக இலையைக் காயவைக்க இப்படிக் கழிப்பார்களாம். மரம் மறுபடி தளிர்த்துவிடும்.

பிஷ்னோய் மக்களின் குரு ஜம்பேஷ்வர், அன்பாக ஜாம்போஜி. 1451-ல் கிருஷ்ண ஜெயந்தி அன்று நாகௌர் பக்கத்துப் பீபாசர் கிராமத்தில் பிறந்தவர். பல வருஷம் மாடு மேய்த்தார். பெற்றோர் காலமான பிறகு சொத்தையெல்லாம் துறந்து சம்ராத்தல் என்ற மணல்மேட்டில் போய் உட்கார்ந்தார். 1485-ல் பெரும் பஞ்சம். ஜனங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு மாள்வா பக்கம் பிழைக்கப் புறப்பட்டார்கள். அவர்களைத் தடுத்து, தானியம் கொடுத்துக் காப்பாற்றி, அதே வருஷம் 29 நியமங்களோடு இந்த நெறியை ஆரம்பித்தார் என்று சொல்கிறார்கள். விடிகாலைக் குளியல், விஷ்ணு நாமம், கள்ளும் அபினும் புகையிலையும் கூடாது, புலால் கூடாது என்பதோடு, பச்சை மரத்தை வெட்டக் கூடாது, தண்ணீரையும் பாலையும் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும், விறகில் பூச்சி புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும் என்பதும் அந்த நியமங்களில் உண்டு. பஞ்சத்தில் பிறந்த நெறி என்று தெரிந்துகொண்டு இதைப் படித்தால் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

முகாமில் இருப்பது ஜாம்போஜியின் சமாதி. 1536-ல் லாலாசரில் உடலை விட்டவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். வெள்ளைக் கும்மட்டத்தோடு பெரிய கோயில். உள்ளே விக்கிரகம் கிடையாது.

மாமி வாசலிலேயே என் காதருகில் கேட்டார். "மூர்த்தியே இல்லைன்னா யாருக்குப்பா நமஸ்காரம் பண்றது?"

நான் பதில் சொல்வதற்குள் மாமா, "சமாதிக்குப் பண்ணு. மந்த்ராலயத்துல பண்ணலியா?" என்றார். அதற்கப்புறம் மாமிக்குச் சந்தேகமே வரவில்லை.

கோயிலில் ஹோமம் நடந்துகொண்டிருந்தது. பசு நெய்யும் தேங்காயும்தான் ஆகுதி. பெரியவர்கள் சேர்ந்து ஜாம்போஜியின் உபதேச வாக்குகளை ஓதினார்கள். அவற்றுக்கு சபத் என்று பெயர். மொத்தம் 120, பழைய மார்வாரி மொழியில். அர்த்தம் எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் நெய் வாசனையும், ஒரே குரலாக எழும்பி அடங்குகிற அந்தச் சத்தமும் உடம்பு முழுக்கப் பரவியது, கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓதி முடித்ததும் மண் பானையில் வைத்து மந்திரித்த தண்ணீரை உள்ளங்கையில் வார்த்தார்கள். பாஹள் என்று பெயர். குழந்தை பிறந்து 30 நாள் தீட்டு கழிந்ததும் இந்தத் தண்ணீரை வாயில் விட்டுத்தான் பிஷ்னோயாக ஏற்றுக்கொள்கிறார்கள். தண்ணீர் கிடைக்காத ஊரில் தண்ணீரே தீட்சை! பாலைவனத்து மக்களுக்கு இதைவிடப் பெரிய சத்தியம் வேறென்ன வேண்டும்?

வருகிறவர்கள் எல்லோரும் கையில் தானியப் பை கொண்டுவருகிறார்கள். அது பறவைகளுக்கு. மயிலும் புறாவும் பயமில்லாமல் காலடியில் மேய்கின்றன. சந்நிதியில் சேர்க்கும் காணிக்கைக்குச் சமமாக இதையும் மதிக்கிறார்கள் என்பதை அவர்கள் தானியம் இறைக்கும் பவ்யத்திலேயே கண்டுகொள்ளலாம்.

அடுத்து சம்ராத்தல். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஜாம்போஜி உட்கார்ந்து உபதேசித்த மணல்மேடு, கீழே பள்ளத்தில் ஒரு குளம். இங்கே வருகிற பக்தர்கள் குளத்து மண்ணைக் கையால் அள்ளி, துணியில் கட்டி, மேலே சுமந்து கொண்டுபோய்ப் போடுகிறார்கள். இதுவே வழிபாடு. கல்யாணமாகி வந்த புதுப்பெண்ணும் சரி, தடி ஊன்றி நடக்கிற கிழவரும் சரி, ஆளுக்கொரு பிடியாவது சுமக்கிறார்கள். காற்று மணலை அள்ளிவந்து தூர்த்துவிடும் நாட்டில் குளம் தூர்ந்து போகாமல் இருக்க இதைவிட நிச்சயமான வழி கிடையாது. எந்த ஆணையும் தேவையில்லை, எந்த நிதியும் தேவையில்லை. நம் ஊரிலும் குடிமராமத்து என்று ஊரே கூடி ஏரியைத் தூர் வாரிய வழக்கம் உண்டே. அதைப் பூஜையாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள் இவர்கள்.

என் துண்டில் மண்ணைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். மணலில் கால் புதைந்து ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கியது. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த மாமி, "பிட்டுக்கு மண் சுமந்தவரே, சொக்கநாதா!" என்று வாய்விட்டுச் சொன்னார். வைகைக் கரையை அடைக்க வந்தியின் பங்குக்குக் கூலியாளாக வந்து மண் சுமந்து பிரம்படி பட்ட பெருமானை, மதுரையிலிருந்து இத்தனை தூரத்தில் இந்த மேட்டில் நினைப்பேன் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மேலே போய் மண்ணைக் கொட்டிவிட்டு விழுந்து கும்பிட்டேன். இந்த யாத்திரையில் எனக்குக் கிடைத்த தரிசனம் இதுதான் என்று நினைக்கிறேன்.

டிரைவருக்குத் தெரிந்த பிஷ்னோய் குடும்பம் ஒன்று பக்கத்து டாணியில் இருந்தது. வயலுக்குள் ஒதுக்கமாக இருக்கும் நாலைந்து வீடுகளை அங்கே டாணி என்கிறார்கள். வாசலுக்குப் போனதும் பெரியவர் கை கூப்பி, "நவண் ப்ரணாம்" என்றார். டிரைவர் சொல்லிக் கொடுத்திருந்தபடி நாங்கள் விஷ்ணுவையும் ஜாம்போஜியையும் சொல்லிப் பதில் வணக்கம் செய்தோம். அவருக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு முன்னால் டாங்கா. மழைநீர்த் தொட்டி. தரையில் வட்டமாகத் தோண்டிப் பூசி, மேலே மூடி, சின்னக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் நாலு பக்கமும் தரையை இறுக்கித் தொட்டியை நோக்கிச் சரிவாக அமைத்திருக்கிறார்கள். அந்தச் சரிவுக்கு ஆகோர் என்று பெயர். மழை தொடங்குவதற்கு முன்னால் அதைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். செருப்புக் காலோடு அதில் யாரும் நடக்க மாட்டார்கள். மாமா கணக்குப் போட்டுப் பார்த்தார். 100 சதுர மீட்டர் தரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. பிகானேருக்குச் சுமார் 300-தான். அதிலும் ஒரு சொட்டை வீணாக்காமல் பூட்டி வைக்கிறார்கள். தில்லியில் மே மாதம் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தப் பூட்டைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது.

சாப்பாடு கம்பு ரொட்டி, மோர், கேர்-சாங்ரி. சாங்ரி என்பது வன்னியின் காய். சித்திரை வைகாசியில் மற்றதெல்லாம் கருகிக் கிடக்கும்போது இது காய்க்கும். நம் வீட்டுச் சுண்டைக்காய் வத்தல் மாதிரி காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். கேர் ஒரு முட்புதரின் காய். உப்பு நீரிலோ மோரிலோ ஊறவைத்தால்தான் கசப்பு போகும். எண்ணெயில் மிளகாயோடு வதக்கிய அந்தக் கறி என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, கைப்பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். 1868-69 பஞ்சத்தில் இந்த மரத்தின் பட்டையை மாவாக்கித் தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள் ராஜபுதனத்து ஜனங்கள். காய் மனிதனுக்கு, இலை ஆட்டுக்கு, நிழல் எல்லோருக்கும், ஒன்றுமே இல்லாதபோது பட்டையும்கூட.

அந்த வீட்டு அம்மாள் அடுப்பில் வைக்கும் முன் ஒவ்வொரு விறகையும் தரையில் தட்டித் திருப்பிப் பார்த்ததை மாமி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தாயில்லாத மான்குட்டிக்குத் தன் பால் கொடுத்து வளர்க்கிற பெண்கள் இந்தச் சமூகத்தில் உண்டு. வயல் ஓரத்தில் சிங்காரா மான்கள் நின்றிருந்தன. யாரும் விரட்டவில்லை.

மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். "இங்கே இறந்தவர்களைப் புதைப்பீர்களாமே?"

"ஆமாம் ஜி," என்றார் பெரியவர். "எரிக்க ஒரு மரம் வேண்டுமே. போகிற போக்கில் அதையும் எதற்குக் கூட்டிக்கொண்டு போவது?"

நம்மில் சந்நியாசிகளுக்கும் மகான்களுக்கும்தான் சமாதி. இவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த மரியாதை கிடைக்கிறது என்று மாமா வெகுநேரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நோகாவில் ரயிலேறி ஜோத்பூர் போனோம். அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 26 கிலோமீட்டர் கேஜர்லி. 1730-ல் ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்கின் ஆட்கள் சுண்ணாம்புச் சூளைக்கு விறகு தேடி இந்த ஊருக்கு வந்தார்கள். பாலைவனத்தில் இவ்வளவு மரம் வேறெங்கே இருந்தது? அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொடுத்து ஒரு மரம் பிழைத்தாலும் அது மலிவுதான் என்று சொன்னார். வெட்டினார்கள். அவருடைய மூன்று பெண்கள் ஆசு, ரத்னி, பாகு ஆகியோரும் அதே போல நின்றார்கள், அவர்களையும் வெட்டினார்கள். செய்தி பரவி அக்கம்பக்கத்து பிஷ்னோய் ஊர்களிலிருந்து ஜனங்கள் வந்து ஆளுக்கொரு மரத்தைக் கட்டிக்கொண்டார்கள். 363 பேர் உயிர் விட்ட பிறகுதான் வெட்டு நின்றது. ராஜா மன்னிப்புக் கேட்டு, பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை விதித்துப் பட்டயம் கொடுத்தார்.

நாயன்மார்கள் கதை கேட்டு வளர்ந்தவன் நான். கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பரையும், விளக்கெரிக்கக் கழுத்தை அரிந்துகொள்ளத் துணிந்த கலியரையும் கேட்டுக் கேட்டு மனம் உருகியிருக்கிறேன். ஆனால் ஒரு ஊரே, பெண்டு பிள்ளைகளோடு, ஒரு நாளில் அந்த நிலைக்கு வந்து நின்றதை நினைத்தால் எனக்குப் பேச்சு வரவில்லை. நினைவுச் சின்னத்தைச் சுற்றி நிறைய வன்னி மரங்கள் நிற்கின்றன. அடியில் உதிர்ந்து கிடந்த இலைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மரத்தைச் சுற்றி வந்து, விருத்தாசலத்தில் செய்வது போலவே நமஸ்காரம் செய்தேன். ஒரு கிளையைக்கூட ஒடிக்கவில்லை. மாமி அங்கேயே உட்கார்ந்து விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லி முடித்தார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். முகாமில் வருஷத்துக்கு இரண்டு பெரிய மேளா: ஒன்று நம் மகாளய அமாவாசை அன்று, இன்னொன்று மகா சிவராத்திரியை அடுத்த அமாவாசை அன்று. தர்ப்பணம் செய்ய வேண்டியவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது சௌகரியம். கூட்டம் வேண்டாம் என்றால் கார்த்திகை முதல் தை வரை எந்த நாளும் போகலாம். கேஜர்லியில் தியாகிகள் நினைவு மேளா பாத்ரபத வளர்பிறை தசமியில், அதாவது விநாயகர் சதுர்த்தி கழிந்து ஆறாம் நாள். நீல நிற உடை அவர்கள் நியமத்தில் விலக்கு, அதனால் வேறு நிறம் உடுத்திப் போங்கள். புகையிலை, பாக்குப் பொட்டலம் எதையும் கொண்டுபோக வேண்டாம். பறவைகளுக்குக் கம்போ சோளமோ வாங்கிக்கொள்ளுங்கள். சம்ராத்தலில் மண் சுமக்க ஒரு பழைய துண்டு போதும், வயதானவர்கள் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாலே ஏற்றுக்கொள்கிறார்கள்.